கேட்டிருக்கீங்களா அக்கா?

சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் ஒருநாள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். ‘பியர் கோச்சிங் சர்க்கிள்’ என்று பெயர் சொன்னார்கள். மேலதிகாரி சொல்லிக் கற்பதற்குப் பதிலாக, சக ஊழியர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டு, ஒருவரை ஒருவர் வளர்த்துவிடுவது. பயிற்சி கொடுக்க வந்தவர் நன்றாகவே விளக்கினார். ஆறேழு பேர், இரண்டு மணி நேரம். ஒருவர் தன் வேலையில் இருக்கும் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும். இங்கே பேசியது இங்கேயே இருக்கும் என்று எல்லோரும் உறுதி சொன்னோம்.

ஒருவர் வேலைக்கும் வீட்டுக்கும் நேரம் போதவில்லை என்றார். இன்னொருவருக்குக் கூட்டத்தில் பேசப் பதற்றம். என் முறை வந்தது. “ஆறு வருஷமா களப்பணியிலேயே இருக்கேன். திட்ட அறிக்கை எழுதுற வேலை, நிதி கொடுக்கிறவங்களைப் பார்க்கிற வேலை ஒருதடவைகூட எனக்கு வந்ததில்ல. அதெல்லாம் யாருக்குப் போகுதுன்னு பார்த்தா மனசு கஷ்டமா இருக்கு” என்றேன். சாதி என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. ஆனாலும் அறை அமைதியாகிவிட்டது. ஒருவர் சிரித்துக்கொண்டே, “இங்க அடையாள அரசியல் வேண்டாமே” என்றார். இன்னொருவர், “உங்களுக்கு மக்களோட இயல்பாவே ஒட்டுது, அது பெரிய திறமை இல்லையா?” என்று பாராட்டினார். திங்கட்கிழமை காலை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். “ஏதாவது மனக்குறை இருந்தா நேரா எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

அதன் பிறகு அந்த வட்டத்தில் என் முறை வரும்போதெல்லாம், எனக்கும் நேரம்தான் போதவில்லை என்று சொல்லிப் பழகிக்கொண்டேன்.

நீண்ட நாள் அந்த முறையையே வெறுத்தேன். எல்லாம் கார்ப்பரேட் நாடகம் என்று நண்பர்களிடம் சொல்வேன். பிறகுதான் கோளாறு முறையில் இல்லை, யார் யாரோடு உட்கார்ந்தோம் என்பதில் இருக்கிறது என்று புரிந்தது. என் அப்ரைசலை எழுதுகிறவர் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எந்த விஷயம் என் வளர்ச்சியைத் தடுத்ததோ, அதைப் பேசுவது நாகரிகமில்லை என்று அந்த அறை ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு நல்ல கேள்வி கேட்டாலும் பொய்யான பதில்தான் வரும்.

இந்த முறையின் வேர் எங்கே இருக்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். 1940களில் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் ரெக் ரேவன்ஸ் என்பவர் பணியாற்றினார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் ஆராய்ச்சி செய்தவர். சுரங்க மேலாளர்களுக்கு வெளியிலிருந்து நிபுணர் வந்து வகுப்பெடுப்பதைவிட, சிறு குழுக்களாக உட்கார்ந்து, ஒருவர் சுரங்கத்தின் பிரச்சினையை இன்னொருவர் கேட்டு, நேரில் பார்த்து, கேள்வி எழுப்பிக் கற்றுக்கொள்வதே சிறந்தது என்று அவர் வாதிட்டார். பிறகு மருத்துவமனைகளிலும் இதைச் செய்து பார்த்தார். இன்று கம்பெனிகள் வாங்கும் பயிற்சிகள் பலவற்றின் பின்னால் இந்தச் சிந்தனை இருக்கிறது.

சுரங்கம் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது கோலார் தங்கவயல். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்கு அங்கே வாசகர்கள் இருந்தார்கள். மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. பூமிக்கு அடியில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்த நம் மக்கள், மேலே வந்து ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள், பேசினார்கள். ஒன்றாக உட்கார்ந்து வளர்வது நமக்கு யாரும் புதிதாக விற்க வேண்டிய சரக்கு அல்ல.

அப்படியானால் வேலைக்குப் போன பிறகு நாம் ஏன் இவ்வளவு தனியாக இருக்கிறோம்?

முதுகலையில் சமூகவியல் படித்தபோது மார்க் கிரானோவெட்டரின் 1973ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பாடமாக வைத்திருந்தார்கள். வேலை பற்றிய தகவல் நெருங்கிய உறவுகளைவிட, அதிகம் பழகாத அறிமுகங்கள் வழியாகவே பெரும்பாலும் வருகிறது என்று அவர் காட்டினார். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். வேலைக்கு வந்த பிறகுதான் அதன் பொருள் உறைத்தது. என்னோடு சேர்ந்தவளுக்கு ஒரு மாமா வங்கியில், ஒரு சித்தப்பா தலைமைச் செயலகத்தில், அப்பாவின் நண்பர் ஒரு பெரிய கம்பெனியில். சம்பளம் எவ்வளவு கேட்கலாம், மேலாளர் கோபப்பட்டால் மெயிலில் என்ன எழுத வேண்டும், எப்போது வேலையை மாற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஒரு போன் அழைப்பு போதும். என் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். யாருக்கு போன் செய்வேன்? அவளுக்குச் சொந்தக்காரர்கள் சொல்லித் தந்ததைத்தான் அலுவலகம் ‘ஸ்மார்ட்’ என்றும் ‘மெச்சூரிட்டி’ என்றும் எழுதியது.

உள்ளே நுழைவதற்கு முன்பே வடிகட்டல் நடக்கிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. தலித் என்று தெரியும் பெயர்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். அதனால் இங்கே பெயரைப் பார்ப்பதில்லை. “எந்த ஊரு?” என்று தொடங்கி, “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று முடிக்கிறார்கள்.

இந்தத் தனிமைக்கு நம் வரலாற்றிலேயே பெரிய சாட்சி பாபாசாகேப். 1917இல் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு பரோடா அரசின் பணிக்கு வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். அந்த ஊரில் இருந்த இரண்டு நண்பர்களும், ஒருவர் இந்து, இன்னொருவர் கிறித்தவர், வீட்டில் இடம் தர முடியாமல் நழுவிக்கொண்டார்கள். பம்பாய் ரயிலுக்காகப் பூங்காவில் மணிக்கணக்கில் காத்திருந்தார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார். அவரிடம் பட்டங்கள் இருந்தன, வேலை ஆணையும் இருந்தது. பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. 1924இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோது, கற்பிப்பதோடும் கிளர்வதோடும் ஒன்றுசேர்வதையும் அது முழக்கமாக வைத்துக்கொண்டதை நான் இந்தப் பூங்காவோடு சேர்த்தே வாசிக்கிறேன்.

கன்ஷிராம் வாழ்க்கையும் ஓர் அலுவலகத்தில்தான் திரும்பியது. புனேயில் பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, அம்பேத்கர் பிறந்தநாள், புத்தர் பிறந்தநாள் விடுமுறைகளை ரத்து செய்ததை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் தீனாபானா என்ற நான்காம் நிலை ஊழியர். அவர் பக்கம் போய் நின்ற விஞ்ஞானி கன்ஷிராம். 1978இல் பாம்செஃப் என்ற ஊழியர் கூட்டமைப்பு அறிவிக்கப்பட்டதன் பின்னணியில் அந்தத் தோழமை இருக்கிறது.

எங்கள் வட்டம் அவ்வளவு பெரிய கதை இல்லை. 2019இல், வடசென்னையில் ஓர் அம்பேத்கர் படிப்பகத்தில், கேரம் போர்டை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு ஆறு பேர் உட்கார்ந்தோம். ஒரு செவிலியர் அக்கா, வங்கியில் வேலை பார்க்கும் தம்பி, ஐ.டி. கம்பெனித் தங்கை, அரசுப் பள்ளி ஆசிரியர் அண்ணன், ஒரு ஜூனியர் வழக்கறிஞர், நான். யாரும் யாருக்கும் மேலதிகாரி இல்லை. மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, மாலை நான்கு மணி. பயிற்சியில் கற்ற அதே விதிகள்தாம். பத்து நிமிடம் ஒருவர் சொல்வார். அரை மணி நேரம் கேள்வி மட்டும். பிறகு சொன்னவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார, அவர் பிரச்சினையை நாங்கள் பேசிக்கொள்வோம், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் அடுத்த மாதத்துக்குள் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தைச் சொல்லி நோட்டில் எழுதுவார். அடுத்த கூட்டம் அந்த நோட்டில்தான் தொடங்கும்.

கேள்வி மட்டும் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று முதல் நாளே தெரிந்தது. ஐ.டி. தங்கை பேசினாள். இரண்டு வருடமாக அப்ரைசலில் ‘கம்யூனிகேஷன் போதாது’ என்று எழுதுகிறார்கள். ஆசிரியர் அண்ணன் உடனே, “ஆங்கிலப் பேப்பர் தினமும் வாசிம்மா” என்று தொடங்கிவிட்டார். வழக்கறிஞர் நிறுத்தினார். “அண்ணே, கேள்வி.” பிறகு ஒவ்வொன்றாக வந்தது. எந்தக் கூட்டத்துல நீ பேசல? நல்ல மார்க் வாங்கினவங்க என்ன பேசினாங்க? முடிவு எங்க எடுக்கிறாங்க?

கடைசிக் கேள்விக்கு அவள் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. முடிவெல்லாம் மதியச் சாப்பாட்டு மேசையில் எடுக்கிறார்கள். சேர்ந்த புதிதில் அவளும் அந்த மேசையில்தான் சாப்பிட்டாள். ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்ததும், “என்ன வாசனை இது?” என்று ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுத்த மாட்டுக்கறி. மறுநாளிலிருந்து தங்கை தன் இருக்கையிலேயே தனியாகச் சாப்பிட்டாள். அவர்கள் ‘கம்யூனிகேஷன்’ என்று எழுதியது அவள் ஆங்கிலத்தைப் பற்றி அல்ல, அந்த மேசையைப் பற்றி. இரண்டு வருடமாக அவள் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் நோட்டில் எழுதியது: எந்த இடத்தில் தொடர்பு போதவில்லை என்று இரண்டு உதாரணங்கள் கேட்டு மேலாளருக்கு மெயில். உதாரணம் வரவில்லை. அடுத்த மாதம், முடிவுகளைக் குழு முழுவதற்கும் மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேட்டாள். அது நடந்தது. அந்த வருட மதிப்பெண் மாறவில்லை. ஆனால் அவள் வகுப்புக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினாள், தன்னிடம்தான் கோளாறு என்று நினைப்பதையும் நிறுத்தினாள். மறுவருடம் வேறு குழுவுக்கு மாறினாள்.

செவிலியர் அக்காவுக்கு இரவு டியூட்டி திரும்பத் திரும்ப விழுந்தது. “எத்தனை தடவை?” என்று கேட்டோம். தெரியவில்லை. மூன்று மாத டியூட்டி சார்ட்டை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். வார்டில் அதே மூன்று பேருக்கே இரவு டியூட்டி சுழன்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே மேற்பார்வையாளர் முன் வைத்தார். சண்டை போடவில்லை. அடுத்த மாதச் சார்ட் மாறியது. நெஞ்சில் புழுங்கிக்கொண்டிருந்த ஒன்று ஒரு தாளில் எழுதிய கணக்காக மாறினால் என்ன ஆகும் என்று அன்று பார்த்தோம்.

மூன்றாவது மாதம் நான் பேசினேன். அதே கதை. களம் எனக்கு, கணினி அவர்களுக்கு. இந்த முறை சாதி என்ற சொல்லோடு சொன்னேன், யாரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் கோபப்படுவார்கள், ஆறுதல் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். வங்கித் தம்பி மெதுவாகக் கேட்டான்: “அந்த வேலை எனக்கு வேணும்னு நீங்க கேட்டிருக்கீங்களா அக்கா?”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இவனும் குற்றத்தை என் மேலேயே போடுகிறானே என்று தோன்றியது. ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். கேட்டதில்லை. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட. “ஏன் கேக்கல?” என்றார் செவிலியர் அக்கா.

அப்போது என் அப்பா ஞாபகம் வந்தது. அறுப்பு முடிந்த சாயங்காலம் பண்ணை வீட்டுப் பின்வாசலில் நிற்பார். கூலி கொடுக்கும்வரை நிற்பார். சில நாள் நானும் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். “கேளுப்பா” என்று சொன்னதற்கு, “கேட்டா நாளைக்கு வேலை இருக்காதும்மா, அவங்களே குடுப்பாங்க” என்பார். கேட்காமல் நிற்பதுதான் பிழைக்கும் வழி என்று அந்த வாசலில் கற்றுக்கொண்டேன். சமூகவியலில் பட்டம் வாங்கியும் அலுவலகத்தில் நான் அதே பின்வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். படிப்பகத்தில் அன்று அழுதேன். யாரும் அறிவுரை சொல்லவில்லை. தம்பி எழுந்துபோய் டீ வாங்கிவந்தான்.

கேட்டேன். முதல்முறை, “பார்க்கலாம்மா” என்றார்கள். இரண்டாம் முறை, “களத்துல உன் இடத்துக்கு யாரு இருக்கா?” என்றார்கள். மூன்றாம் முறை எழுத்தில் கேட்டேன், நானே எழுதிய நான்கு பக்க மாதிரியை இணைத்து. ஓர் அறிக்கையில் பாதியை எழுதக் கொடுத்தார்கள். அந்த நிறுவனத்தில் அதற்கு மேல் போக முடியவில்லை. ஆனால் அந்தப் பாதியைக் காட்டித்தான் அடுத்த வேலையை வாங்கினேன்.

இதெல்லாம் இனிக்கிற கதையாக மட்டும் போய்விடக் கூடாது. எங்கள் வட்டம் ஏறக்குறைய உடைந்தும் போனது. இரண்டாம் வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை, மாநகராட்சி ஒப்பந்த மேற்பார்வையாளர், அருந்ததியர். உள் இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தது. 2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு 3 சதவீதம் தனியாக ஒதுக்கியதைப் பற்றி எங்களில் ஒருவர், “நம்மையே நாம பிரிச்சுக்கிட்டோம்” என்றார். அவள் கேட்டாள்: “நான் சேர்ந்து ஆறு மாசம் ஆச்சு. இங்க டீ கிளாஸ் கழுவுறது யாரு, பார்த்தீங்களாண்ணே?” பார்த்திருக்கவில்லை. அவளும் மற்றப் பெண்களும்தான். அவள் வந்த பிறகு மற்றப் பெண்களும் மெல்ல விலகி, பெரும்பாலும் அவள் மட்டும்தான். நானும் அதில் ஒருத்தி. அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு மூன்று பேர் வரவில்லை. ஆனால் அவள் வந்தாள். பிறகு ஒரு விதி சேர்த்தோம்: கிளாஸ் கழுவுவதற்கும் முறை உண்டு, நோட்டில் பெயர் எழுதி. அலுவலகத்து டியூட்டி சார்ட்டைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த எங்களுக்கு, எங்கள் சார்ட்டைப் பார்க்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இன்னொரு எச்சரிக்கை. வட்டம் சங்கத்துக்கு மாற்று இல்லை, சட்டத்துக்கும் மாற்று இல்லை. ‘நீ மாறு, எல்லாம் மாறும்’ என்ற பேச்சு கம்பெனிகளுக்கு வசதியானது. பாலியல் தொல்லையை விசாரிக்கப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் உள் புகார்க் குழு வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தனியார் கம்பெனியில் சாதிப் பாகுபாட்டை விசாரிக்க அப்படி ஒரு குழுவை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. அதைக் கேட்டுப் போராடுவது வீதியில் நடக்க வேண்டிய வேலை. அதனால் எங்கள் வழக்கறிஞர் ஒவ்வொரு முறையும் முதலில் ஒன்றைக் கேட்பார்: “இது கேட்டு வாங்குற விஷயமா, புகார் குடுக்குற விஷயமா?” சாதிப்பெயர் சொல்லித் திட்டியதை, கை வைத்ததை நாங்கள் வட்டத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருப்பதில்லை. அன்றைக்கே தேதி, நேரம், சாட்சி எழுதி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கக் கூடவே போவோம்.

கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். வேலைக்கு ஆர்டர் வருவதற்கு முன்பே ஐந்து பேரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே அலுவலகமாக இருக்க வேண்டாம், ஒரே தொழிலும் வேண்டாம். பெண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். நம்மில் கடைசித் தெருவில் நிற்கிறவர் யார் என்று பார்த்து அவரை முதலில் கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறை, ஒரு நோட்டு, ஒரு போன் அலாரம் போதும். அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும், அடக்குங்கள். இடம் கிடைக்காவிட்டால் உங்கள் பகுதிப் படிப்பகத்தில் கேளுங்கள். சாவி யாரிடமாவது இருக்கும்.

போன மாதம் வங்கித் தம்பியின் முறை. பதவி உயர்வுக்கு எழுதலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தான். வெளியூருக்கு மாற்றுவார்கள், அம்மா தனியாக இருப்பார் என்றான். நான் கேட்டேன்: “அம்மாகிட்ட கேட்டியா?”

தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். நோட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை தெரியும்.

ஜெய்பீம்.